குழியானை தொலைத்த கிணறு

இப்போது தேரிக்காட்டுச் செம்மணல் மேட்டுக்கு அடியில் கிடக்கிற ஊர், அந்தக் காலத்தில் வெயிலைப் பார்த்துக்கொண்டு மேலேதான் இருந்தது. பூச்சி பொட்டெல்லாம் வாய்விட்டுப் பேசும். மணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கிற குழியானைக்கு அப்போது குழி கிடையாது, வெறும் ஆனைப்பூச்சி. நம்மைப் போல முன்பக்கமாகத்தான் நடந்தான்.

ஊருக்கு ஒரே கிணறு. ஆடிக்காற்றில் மணல் பறந்தால் கிணற்றை மூடிவிட்டுச் சனங்கள் கடற்கரைக்குப் போவார்கள், மழைக்குத் திரும்புவார்கள். கிணறு இருக்கும் இடத்தை எப்படி அடையாளம் வைப்பது? ஊர்க்காரி மாடத்தி கைப்பிள்ளையோடு வந்தாள்.

"ஏலே ஆனைப்பூச்சி, கம்பு நட்டா காத்து பிடுங்கிரும். கல்லு வச்சா மணல் மூடிரும். நீ கிணத்து மேல நில்லு. மணல் ஏற ஏற நீயும் ஏறிக்கோ. ஒரு எட்டு நகரப்படாது, கேட்டியா?"

"நகர்ந்தா என் பேரை மாத்திருங்க தாயி!"

சும்மா சொல்லக் கூடாது, இரண்டு மாசம் பட்டினியாக நின்றான். அப்போதுதான் ஒரு கட்டெறும்பு வந்தது.

"காவக்காரரே, பசிக்கலையா? முடிஞ்சா பிடியும் பாப்போம்!"

'நாலே எட்டு, திரும்பிரலாம்' என்று ஓடினான். எறும்பு விலகிக்கொண்டே போனது. கடைசியில் பிடித்தான், தின்றான். திரும்பிப் பார்த்தால் காலடித் தடத்தைக் காணோம். காற்று துடைத்துவிட்டது.

சனங்கள் வந்தபோது கூரைகூடத் தெரியவில்லை. மழையும் பொய்த்திருந்தது.

"கிணறு எங்கலே?"

"இங்கதான் தாயி... இல்ல, இங்க." தலையால் மணலை வாரி வாரி வீசினான். தோண்டத் தோண்டச் சரிந்தது. மூன்றாம் நாள் பிள்ளையின் உதடு வெடித்துவிட்டது.

"பிள்ளை தாங்காதுய்யா. நாங்க போறோம்" என்றாள் மாடத்தி. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஊரே அவள் பின்னால் போனது, திரும்பவே இல்லை.

அன்றைக்குப் பிடித்ததுதான் அவனுக்கு இந்தப் பழக்கம். விட்டு வந்த இடத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடப்பான். எறும்பைத் துரத்த மாட்டான். குழிக்குள் தானாக விழுந்தால் தின்பான். பேரும் மாறிவிட்டது.

போன பங்குனியில் தொல்லியல்காரர்கள் வந்து, கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகத் தோண்டினார்கள். பானை ஓடு கிடைத்தது, சுவர் கிடைத்தது, கடைசியில் மூடி போட்டபடி அந்தக் கிணறும் கிடைத்தது. குழியானையின் குழிக்கு ஏழடி தள்ளி. ஓர் எறும்பு ஓடுகிற தூரம்.

அவனிடம் யாரும் சொல்லவில்லை. இன்றைக்கும் தோண்டிக்கொண்டுதான் இருக்கிறான், பாவம்.