தேதி இல்லாத பை

நல்லபெருமாள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். நடுவயதில் கணினிப் பக்கம் வந்தார். மருத்துவமனையின் தகவல் களஞ்சியத்தைக் கட்டிக்கொண்டிருந்த சுகிர்தத்திடம் பாடம் கேட்டார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் மேடம் என்றே அழைப்பார்.

களஞ்சியத்தில் மருந்துக்கு ஒரு பதிவு வகை, ரத்தப் பைக்கு ஒன்று, அறுவைக் கருவிக்கு ஒன்று. எல்லாவற்றிலும் காலாவதித் தேதி என்றொரு கட்டம் உண்டு. அதற்கான விதியை ஒரே இடத்தில் எழுதி, எல்லா வகைகளும் அதையே எடுத்துக்கொள்ளும்படி செய்யச் சொன்னார் சுகிர்தம். செய்து முடித்தபோது நல்லபெருமாளுக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு நாள் காலை ஸ்டோர்காரர் வந்தார். கத்தரிக்கோலுக்கு ஏது காலாவதி, தேதி போடாவிட்டால் பதிவு ஏற மாட்டேன் என்கிறதே என்று குறைபட்டுக்கொண்டார். நல்லபெருமாள் விதியைத் திறந்து, ‘கட்டாயம்’ என்றிருந்ததை எடுத்துவிட்டார். கத்தரிக்கோல் ஏறியது.

மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான், ரத்தப் பைக்கும் அதே விதிதானே என்று அவருக்கு உறைத்தது. ஈரக் கையோடு ஓடி வந்து பார்த்தார். அன்று பதிவான ரத்தப் பைகளில் ஒன்றுக்குத் தேதி இல்லை. பையில் ஒட்டும் லேபிளும் அந்தப் பதிவிலிருந்துதான் அச்சாகும். பை பிரசவ வார்டுக்குப் போய்விட்டிருந்தது.

சுகிர்தத்திடம் திரையைக் காட்டினார். அவர் பார்த்துவிட்டு வார்டுக்குப் போன் செய்து, ஏறிக்கொண்டிருக்கும் ரத்தத்தை உடனே நிறுத்தச் சொன்னார். பிறகு, “வாங்க” என்றார்.

கட்டிலில் ஒரு பெண் கண்மூடிக் கிடந்தாள். பை பாதி காலியாகியிருந்தது. ஏன் நிறுத்திவிட்டார்கள் என்று அவளுடைய கணவன் கேட்டான். நல்லபெருமாள் தரையைப் பார்த்தார். ரத்தத்தின் தேதியில் சந்தேகம் இருக்கிறது, தவறு எங்களுடையது, விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சுகிர்தம்தான் சொன்னார். அவன் மனைவியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ரத்த வங்கியில் கொடையாளரின் எண்ணை வைத்துத் தேடினார்கள். குழாயில் நின்றுபோன சிவப்பையே நல்லபெருமாள் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒருமுறை முனகினாள்.

போன் வந்தது. ரத்தம் காலாவதித் தேதிக்குள்தான் இருந்தது.

திரும்பி வந்ததும் சுகிர்தம் பொது விதியில் கட்டாயத்தை மறுபடி வைத்தார். தேதியே இல்லாத கருவிகளைத் தனி வகையாகப் பிரித்தார். நல்லபெருமாள் பின்னால் நின்றபடியே இருந்தார்.

“மேடம், இனிமே பொது விதியே வேண்டாம். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா எழுதிடறேன்.”

“எழுதுங்க. நாளைக்குத் தேதி போடுற முறை மாறுதுன்னு வெச்சுக்குங்க. மாசம் முன்னாடி, நாள் பின்னாடி. எல்லா வகையிலயும் போய் மாத்தறீங்க. ஒண்ணு விட்டுப்போச்சு. எது?”

நல்லபெருமாள் யோசித்தார். குழந்தைகளுக்கான மருந்து நினைவுக்கு வந்தது.

“அப்போ பயமில்லாம இந்த வேலையை எப்படித்தான் செய்யறது?”

சுகிர்தம் நாற்காலியிலிருந்து எழுந்து அவரை உட்காரச் சொன்னார்.

“பயமில்லாம செய்யணும்னு நான் எப்பவாவது சொன்னேனா?”