ஓதம் ஏறிய பரண்

மழைக்காட்டுச் சரிவில் ஒரு பலா மரம். அதன் பொந்தில் ஓர் அணில் குடும்பம் இருந்தது. கணவன் செங்கோடன், மனைவி நாச்சாள், அவர்களுடைய ஒரே குட்டி அருக்காணி. பொந்தின் அடியில் படுக்கை. அதற்கு மேலே, மரத்தின் உட்கூட்டிலேயே, ஒரு பரண். மழைக்காலம் முடியும்வரை தின்ன வேண்டிய கொட்டைகளும் விதைகளும் அந்தப் பரணில்தான் இருந்தன.

அந்தச் சரிவு அணில்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேற்கே முதல் மேகம் தெரிந்ததும் மண்ணும் பாசியும் சுமந்து வந்து பொந்தின் துவாரங்களை அடைத்துவிடுவார்கள். போக வர ஒரு வாசல் மட்டும் இருக்கும். அதற்கும் நார்ச்சுருளால் ஒரு மூடி. வேலை முடிந்ததும் அக்கம்பக்கத்தார் உள்ளே வந்து, சுவரோரம் மீசையை நீட்டிக் காற்று நுழைகிறதா என்று சோதிப்பார்கள். மீசை ஆடாவிட்டால் வீட்டுக்காரன் கெட்டிக்காரன். ஆடினால் அந்த மழைக்காலம் முழுவதும் அவன் பெயர் சோம்பேறி.

செங்கோடன் பரணின் உச்சியில் இருந்த பழைய துவாரத்தையும் இம்முறை அடைத்தான். முன்பு குடியிருந்தவர்கள் அதை ஏன் திறந்தே விட்டிருந்தார்கள் என்று அவன் யோசிக்கவில்லை. வந்தவர்களில் ஒருவர் மீசைகூட ஆடவில்லை. அன்று செங்கோடன் சரியாகச் சாப்பிடவில்லை. பெருமையிலேயே வயிறு நிறைந்திருந்தது.

மழை பிடித்தது. கொஞ்ச நாளில் பரணுக்கு ஏறிய நாச்சாளின் மூக்கில் மக்கிய இலை வாடை அடித்தது. கூரையில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. அடுத்த முறை ஏறியபோது புள்ளிகள் திட்டுகளாகியிருந்தன. தொட்டால் மரம் சொதசொதத்தது. ஓரத்தில் கிடந்த கொட்டைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம் பூத்திருந்தது.

அதையாவது தாங்கிக்கொள்ளலாம். அவளை நடுங்க வைத்தது அருக்காணியின் மூச்சு. குட்டி படுத்தால் நெஞ்சுக்குள் கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புகள் தோலோடு உள்ளே போய் வந்தன. வெளியே கிளையில் உட்கார வைத்தால் கொஞ்சம் தணிந்தது. ஆனால் கொட்டுகிற மழையில் எவ்வளவு நேரம் வெளியே வைப்பது? நாச்சாள் தூங்குவதை விட்டுவிட்டாள். சத்தம் கேட்டாலும் பயம், நின்றாலும் பயம்.

"ஏனுங்க, பிள்ளைக்கு எளைப்பு அதிகமாகுது," என்றாள்.

கூரை எங்கேயோ ஒழுகுகிறது, அதுதான் காரணம் என்றான் செங்கோடன். அவன் நனைந்துகொண்டே மேலே ஏறி இன்னும் மண் பூசினான். ஒழுகல் தென்படவில்லை. தென்படாத ஒழுகலுக்குப் பயந்து பூசிய இடத்திலேயே மறுபடி பூசினான். ஈரமான உடம்போடு திரும்பி வந்து படுக்கையில் கிடந்து காய்ந்தான். மறுநாளும் அதையே செய்தான். பரணில் ஓதம், அந்த ஈரக்கசிவு, குறையவில்லை. கூடியது.

கடைசியில் அவன் பெருச்சாளி நஞ்சப்பனை அழைத்து வந்தான். நஞ்சப்பனுக்குச் சரிவு முழுவதும் மராமத்து நிபுணன் என்று பெயர். ஆனால் மரம் ஏறத் தெரியாது. அடியில் நின்றபடியே அண்ணாந்து, என்ன நிறத்தில் இருக்கிறது, எத்தனை பெரியது என்று விசாரித்தான். பிறகு தீர்ப்புச் சொன்னான். கறுத்த இடத்தின் மேல் புற்று மண்ணைக் குழைத்து வெள்ளையாகப் பூச வேண்டும். வாடைக்கு நொச்சித் தழை கட்ட வேண்டும். வாசல் மூடியை இன்னும் இறுக்க வேண்டும்.

"பூசினா பூசணம் செத்துப்போகுமாண்ணா?" என்று கேட்டாள் நாச்சாள்.

"கண்ணுல படாது அம்மிணி. அப்புறம் என்ன கவலை?"

கூலியாக நல்ல கொட்டைகளாகப் பொறுக்கி வாங்கிக்கொண்டு அவன் போனான். அவன் சொன்னபடியே செங்கோடன் பூசியதும் பரண் பளிச்சென்று ஆனது. நொச்சி மணத்தது. செங்கோடன் நிம்மதியாகத் தூங்கினான். நாச்சாள் குட்டியின் விலாவைப் பார்த்தபடி கிடந்தாள். அது முன்னைவிட வேகமாக ஏறி இறங்கியது. வெள்ளைப் பூச்சின் மேல் மறுபடி கறுப்பு எட்டிப்பார்க்க அதிக நாள் ஆகவில்லை.

இடையில் மழை ஓய்ந்தது. ஒரு பகல் முழுவதும் வெயில் காய்ந்தது. மறுநாள் விடிந்தபோது வெளியே மரப்பட்டை உலர்ந்து கிடந்தது. நாச்சாள் பரணுக்கு ஏறினாள். கூரை முழுவதும் முத்து முத்தாக நீர் கோத்து நின்றது. ஒரு சொட்டு அவள் மூக்கில் விழுந்தது.

மழை இல்லை. பிறகு இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

அவள் அதை நக்கிப் பார்த்தாள். பட்டை வழியாக இறங்கும் மழைநீர் கசக்கும். அந்தக் கசப்பு அவள் நாக்குக்குப் பழக்கம். இது கசக்கவில்லை. சொட்டுகள் எங்கே அதிகம் என்று பார்த்தாள். நேர் கீழே படுக்கை இருந்தது. உள்ளே ஒரு சந்தேகம் அசைந்தது. குளிர்ந்திருந்த கூரையில் வாயை வைத்து ஊதினாள். ஊதிய இடம் நனைந்தது.

ஒழுகுவது கூரையல்ல, நாம்தான் என்று அவளுக்குப் புரிந்தது. மூன்று பேர் விடும் மூச்சு, நனைந்த உடம்பிலிருந்து கிளம்பும் ஆவி எல்லாம் மேலே ஏறுகின்றன. வெளியேற வழியில்லாமல் பரணிலேயே தங்கிவிடுகின்றன.

அவள் செங்கோடனை எழுப்பிப் பரணுக்கு அழைத்து வந்து சொன்னாள். அதற்குள் மேற்கே மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது.

"மழை வர்ற நேரத்துல கூரையில ஓட்டை போடச் சொல்றியா?" என்றான் அவன். "ஊரே சிரிக்கும்."

"ஊரா இங்க வந்து மூச்சு விடுது? பிள்ளைக்கு ஒண்ணு ஆனா ஊர் வந்து அழும். அழுதுட்டு அவங்கவங்க பொந்துக்குப் போயிடும்."

கீழே அருக்காணியின் சத்தம் சட்டென்று நின்றது. இருவரும் பாய்ந்து இறங்கினார்கள். குட்டி வாயைத் திறந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தது. மூக்கு நுனி வெளுத்திருந்தது.

நாச்சாள் திரும்பிப் பார்க்காமல் பரணுக்கு ஏறி உச்சி அடைப்பைக் கடித்தாள். செங்கோடன் பின்னால் வந்து அவள் வாலைப் பிடித்தான். அவள் விடவில்லை. மண் மேல் மண்ணாகப் பூசிய அடைப்பு. பல்லில் இரத்தம் கசிந்தது. கடைசியில் அது பெயர்ந்து விழுந்தது. குளிர்காற்று உள்ளே இறங்கியது. கூடவே மழைத்துளிகளும் விழுந்தன.

அந்தத் துளிகளைக் கண்டதும் அவள் பயந்தாள். தப்புச் செய்துவிட்டோமோ? குட்டியைக் குளிரில் கொல்லப் போகிறோமோ? செங்கோடன் அடைப்பை எடுத்துத் திரும்ப வைக்கவில்லை. வெளியே போய் ஓர் அகலமான பட்டையைக் கொண்டுவந்து, துவாரத்துக்கு மேலே சாய்வாகச் செருகினான். மழை அதன் மேல் வழிந்து ஓடியது. காற்று அடியில் நுழைந்தது. பிறகு கீழே வந்து வாசல் மூடியையும் தளர்த்தினான்.

இருவரும் குட்டியின் இரு பக்கமும் ஒட்டிப் படுத்து வெப்பம் கொடுத்தார்கள். நெடுநேரம் எதுவும் மாறவில்லை. பிறகு கீச்சுச் சத்தம் திரும்பியது. அது திரும்பியதே பெரிதாக இருந்தது. உச்சிப்பொழுதில் மூக்கு நுனியில் சிவப்பு ஏறியது.

பூசணம் பூத்த கொட்டைகளையும், அவற்றைத் தொட்டுக்கொண்டு கிடந்தவற்றையும் நாச்சாள் வெளியே தள்ளினாள். பரணில் பாதிகூட மிஞ்சவில்லை. மரத்தடி வழியாகப் போன நஞ்சப்பன் அவற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, தின்னாமல் நகர்ந்தான். கறுத்த இடங்களைச் செங்கோடன் பல்லால் சுரண்டி எடுத்தான். நனைந்து வரும் நாளில் வாசலிலேயே உடம்பை உதறி, காய்ந்த பிறகே உள்ளே வருவது என்று முடிவு செய்தார்கள்.

அந்த மழைக்காலம் அவர்களுக்கு அரைவயிறுதான். மழையிலும் அலைந்து இரை தேட வேண்டியிருந்தது. ஆனால் ஒரு காலையில் நாச்சாள் கண்விழித்தபோது பொந்தில் சத்தமே இல்லை. பதறிக் குட்டியின் மேல் கை வைத்தாள். விலா மெதுவாக, சீராக ஏறி இறங்கியது. அருக்காணி சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கேடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் கதவை மட்டும் இறுக்கிச் சாத்துகிறவர், அந்தக் கேட்டையும் தம்மோடு உள்ளே வைத்தே சாத்துகிறார்.