தாய்மார் போகும் இடம்

"யாரும் தரமாட்டேங்கிறாங்க, டாக்டரம்மா" என்றார் தனுஷ்கோடி.

"எதுக்கு?" என்றார் ஜெசிந்தா.

"உங்களுக்குத் தெரியாததா? அதுக்குத்தான்."

"எதுக்கு?"

தனுஷ்கோடி சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த… சுகாதார வளாகத்துக்கு."

குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு மாடிகள் வருவதற்கு முந்தின கதை இது. அப்போது அந்த மருத்துவப் பல்கலைக்கழகத்தில் குழந்தைகள் வார்டு என்பது நீளமான ஒரே ஓட்டுக் கட்டடம். வராந்தாக் கம்பியில் எந்நேரமும் சின்னச் சின்னத் துணிகள் காயும். சாயங்காலமானால் பால் காய்ச்சுகிற வாசனையும் டெட்டால் வாசனையும் கலந்து வரும். அங்கே கிடந்து பிழைத்தவர்கள் வேறு எங்கேயாவது அந்த வாசனையைக் கண்டால் இன்றைக்கும் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்களாம்.

ஜெசிந்தா அங்கே குழந்தை மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். மாணவர்கள், பழைய மாணவர்கள், ஊர்க்காரர்கள், யார் வார்டுக்காக நிதி திரட்டினாலும் அதையெல்லாம் ஒன்றோடொன்று மோதாமல் ஒழுங்கு பண்ணுகிற பொறுப்பும் அவருடையதுதான்.

தனுஷ்கோடி சோப்புக் கம்பெனியில் விற்பனை பார்த்து ஓய்வு பெற்றவர். "எனக்கு விற்கத் தெரியும், கேட்கத் தெரியாது. கேட்கச் சொல்லிக்கொடுங்க" என்று ஒருநாள் வந்து நின்றார். ஜெசிந்தாவுக்கு அவர் மகள் வயசு. ஆனாலும் தனுஷ்கோடிதான் சிஷ்யர்.

நல்ல சிஷ்யர்தான். தொட்டில் கேட்டார், வந்தது. மீன் தொட்டி கேட்டார், இரண்டு வந்தது. சுவர்க் கடிகாரத்தைக் கேட்கவே இல்லை. அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. படிப்பு முடித்துப் போகிற ஒவ்வொரு வகுப்பும் ஒன்று கொடுத்துவிட்டுப் போனது. வார்டுச் சுவரில் ஆளுக்கொரு நேரம் ஓடியது.

இந்த ஒன்றுதான் வரவில்லை.

வார்டை ஒட்டி ஒரு துண்டு இடம் காலியாகக் கிடந்தது. அதில் அம்மாமாருக்குக் கழிப்பறை கட்ட வேண்டும் என்று ஜெசிந்தா கேட்டிருந்தார். பழைய மாணவர் சங்கம் அதே இடத்தில் நீரூற்று கேட்டிருந்தது, வண்ண விளக்கோடு. ஆண்டு விழாவுக்குள் கழிப்பறைக்குப் பணம் தர ஆள் கிடைக்காவிட்டால் இடம் நீரூற்றுக்கு என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

"என்னதான் சொல்றாங்க?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"ரைஸ்மில்காரர், 'எங்கப்பா பேரை அங்கயா எழுதுவீங்க?'ன்னார். நகைக்கடைக்காரர், 'ரிப்பன் வெட்டி உள்ள போய் என்னத்தப் பார்க்க?'ன்னார்."

"வெண்ணிமலை முதலாளி?"

தனுஷ்கோடி பெருமூச்சு விட்டார். வெண்ணிமலை பெரிய பாத்திரக் கடைக்காரர். வார்டில் எந்த டம்ளரைத் திருப்பினாலும் அடியில் 'பேச்சியம்மாள் உபயம்' என்றிருக்கும். அது அவர் அம்மா பெயர்.

"'எங்கம்மா பேரை நான் தலைமேல வச்சிருக்கேன். நீங்க எங்க கொண்டு வைக்கச் சொல்றீங்க?'ன்னு எழுந்தே போயிட்டார்."

"நீங்க என்ன சொல்லிக் கேட்டீங்க?"

தனுஷ்கோடி நிமிர்ந்து உட்கார்ந்தார். "'தாய்மார் நலன் கருதி அமையவிருக்கும் ஒருங்கிணைந்த சுகாதார மேம்பாட்டு வளாகம்'."

"என்ன கட்டப்போறோம்னு புரிஞ்சுதா அவங்களுக்கு?"

"ஒருத்தர் யோகா சொல்லித்தர ஆள் இருக்கான்னு கேட்டார்."

ஜெசிந்தா சிரிக்கவில்லை.

"மோர் குடிங்க" என்றார்.

 

சித்திரை வெயில். மேஜைமேல் ஒரு கூஜா நிறைய மோர் இருந்தது. இஞ்சி தட்டிப் போட்ட மோர்.

தனுஷ்கோடி குடித்தார்.

"சோப்பு எப்படி விப்பீங்க?"

அவர் சொன்னார். ஜெசிந்தா ஊற்றினார். கிராமத்துச் சந்தையில் நுரை வர வைத்துக் காட்டியதைச் சொன்னார். ஜெசிந்தா ஊற்றினார். மழையில் ஒரு லாரிச் சரக்கும் கரைந்து ரோடெல்லாம் நுரையாய்ப் போன கதையைச் சொன்னார். டம்ளர் நிறைந்துகொண்டே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கதை தடுமாறியது. தனுஷ்கோடி ஒரு பக்கமாக உட்கார்ந்தார். பிறகு மறுபக்கமாக.

"டாக்டரம்மா… கொஞ்சம்…"

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல."

ஜெசிந்தா இன்னும் ஊற்றினார்.

"இல்ல… இங்க… பக்கத்துல…"

"பக்கத்துல?"

"கக்கூஸ் எங்க இருக்கு?" என்று கத்தியேவிட்டார். வராந்தாவில் போன நர்ஸ் திரும்பிப் பார்த்தார்.

"டாக்டர்களுக்கு ஒண்ணு இருக்கு" என்றார் ஜெசிந்தா. "சாவி என் கைப்பையில. தரமாட்டேன்."

"டாக்டரம்மா!"

"அம்மாமார் போற இடத்துக்குப் போங்க. ஆம்பிளைகளுக்கும் அங்கதான். எக்ஸ்ரே ரூம் தாண்டி, சமையற்கட்டு தாண்டி, ஆம்புலன்ஸ் ஷெட்டுக்குப் பின்னால."

 

தனுஷ்கோடி முதலில் நடந்தார். எக்ஸ்ரே தாண்டியதும் வேகமாக நடந்தார். சமையற்கட்டு தாண்டியதும் எப்படி நடந்தார் என்று சொல்வதற்கில்லை.

ஷெட்டுக்குப் பின்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். முக்கால்வாசிப் பேர் இடுப்பில் பிள்ளை.

ஆண்கள் பக்கம் திரும்பப் போனார்.

"அண்ணாச்சி, இவளைக் கொஞ்சம் பிடிங்க."

பதிலுக்குக் காத்திருக்காமல் ஒருத்தி குழந்தையை அவர் தோளில் சாய்த்துவிட்டாள். மற்றக் கையில் குளுக்கோஸ் பாட்டில் வந்து உட்கார்ந்தது.

"உசத்திப் பிடிங்க. தாழ்ந்துச்சுன்னா ரத்தம் ஏறிரும்."

"அம்மா, நானே இப்ப…"

"இந்தா வந்துட்டேன்."

அவள் வரிசைக்குப் போய்விட்டாள். வரிசை நகரவில்லை.

குழந்தைக்கு உடம்பு கொதித்தது. அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தது.

"யாருடி அது, உன் வீட்டுக்காரரா?" என்று வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

"நீ வேற. வழியில நின்னாரு, குடுத்தேன்."

"பேண்ட் சட்டையப் பார்த்தா ஆபீசர் மாதிரில்ல இருக்கு."

"ஆபீசருக்குக் கைதானே ரெண்டும் வேலையா இருக்கு, கால் சும்மாத்தானே நிக்குது" என்றாள் இன்னொருத்தி. "டேய், போய் மாமா பேண்டைப் பிடிச்சுக்கிட்டு நில்லு. அம்மா வந்துருதேன்."

ஒரு பொடியன் வந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

தனுஷ்கோடிக்கு நெற்றியில் வேர்த்தது. துடைக்கக் கையில்லை.

குழாயடியில் ஒருத்தி துணி அலசிக்கொண்டிருந்தாள். பிறந்து சில நாளே ஆன சிசுவைத் தோளோடு தூளியாகக் கட்டியிருந்தாள்.

"நீ போகலையா?" என்று வரிசையிலிருந்து கேட்டார்கள்.

"எனக்கு வேண்டாம்க்கா. காலையிலேருந்து தண்ணி குடிக்கல. குடிச்சாத்தானே இவ்வளவு தூரம் வரணும். இதை யார்ட்ட விட்டுட்டு நிக்க?"

"பால் எப்படிடி ஊறும்?"

"எங்க ஊறுது" என்றாள் அவள், துணியைப் பிழிந்துகொண்டே. "நேத்து டாக்டரும் அதைத்தான் கேட்டாரு. எடை ஏறலையாம்."

தனுஷ்கோடி பாட்டிலை உயரப் பிடித்தபடி நின்றார். தான் என்ன அவசரத்துக்கு வந்தோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

 

அவர் திரும்பி வந்தபோது ஜெசிந்தா கூஜாவைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்.

"போயிட்டு வந்தீங்களா?"

"வந்தேன்."

"வேற ஏதாவது கேட்கணுமா?"

"இல்ல." கசங்கிய சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "நாளைக்கு வெண்ணிமலை முதலாளியைப் பார்க்கப் போறேன்."

"என்ன சொல்லப் போறீங்க?"

"தெரியல."

"சரி, போங்க" என்றார் ஜெசிந்தா.

 

"மறுபடியும் வளாகமா?" என்றார் வெண்ணிமலை, தலையைத் தூக்காமலே.

"வளாகம் இல்ல முதலாளி. கக்கூஸ்."

பாத்திரம் எடை போட்டுக்கொண்டிருந்த கடை ஆள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அம்மா பேரைக் கேட்டு வந்திருந்தா நடையைக் கட்டுங்க."

"பேர் வேண்டாம். பணமும் கேட்கல. சின்ன வயசுல நீங்க இந்த வார்டுல கிடந்தீங்கன்னு சொல்வாங்க."

வெண்ணிமலை முகம் இளகியது. "ஆமா, மூளைக்காய்ச்சல். பிழைக்க மாட்டான்னு எழுதியே குடுத்துட்டாங்க. எனக்கு ஒண்ணும் நினைவு இல்ல. அம்மாதான் ராவும் பகலும் கட்டிலை விட்டு நகராம இருந்தாங்க. அந்தக் கடனுக்குத்தானே இவ்வளவும் செய்யிறேன்?"

"அப்ப அம்மா கக்கூஸுக்கு எங்க போனாங்க, முதலாளி?"

கடைக்குள் எங்கேயோ ஒரு தட்டு உருண்டு நின்றது.

"வெளிய போங்க" என்றார் வெண்ணிமலை.

 

"இனிமே டம்ளர்கூட வராது" என்றார் தனுஷ்கோடி.

"என்ன கேட்டீங்க?"

சொன்னார்.

எழுதிக்கொண்டிருந்த ஜெசிந்தா பேனாவை வைத்தார்.

"இதை நான் சொல்லித்தரலியே."

"இல்ல."

ஜெசிந்தா கைப்பையைத் திறந்தார். டாக்டர்கள் கழிப்பறையின் சாவியை எடுத்து அவர் முன்னால் மேஜையில் வைத்தார்.

தனுஷ்கோடி அதை எடுக்கவில்லை.

 

ஆண்டு விழா நெருங்கியது. ஒருநாள் காலை நீரூற்றுக்காரர்கள் வந்து காலி இடத்தில் நாடா பிடித்து அளக்கத் தொடங்கினார்கள். ஜெசிந்தாவும் தனுஷ்கோடியும் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

வெண்ணிமலை இறங்கினார். சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்து, கை கொடுத்து, ஒரு மெலிந்த அம்மாளை இறக்கினார்.

பேச்சியம்மாள் யாரையும் பார்க்கவில்லை. நேராக வார்டுக்குள் போனார். கோடி ஜன்னலோரக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அதில் படுத்திருந்த குழந்தையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"இதான் எங்க இடம்" என்றார். "ஜன்னலுக்கு அப்பக் கதவு கிடையாது. சாக்கு தொங்கும். மழை பெஞ்சா சாக்குலேருந்து ஒரு வாடை வரும் பாருங்க, எனக்கு அது இப்பவும் மூக்குலயே இருக்கு."

"அம்மா, விஷயத்தைச் சொல்லுங்க" என்றார் வெண்ணிமலை.

"நீ சும்மா இருடா." ஜெசிந்தாவிடம் திரும்பினார். "இவன் நாலஞ்சு நாளா ஒழுங்காச் சோறு திங்கல, தாயி. என்னடான்னு கேட்டா பதில் இல்ல. நேத்துத்தான் வாயத் தொறந்தான். 'அப்ப நீ எங்கம்மா போன'ங்கான். இத்தனை வருசம் கழிச்சுக் கேக்கான்."

"எங்க போனீங்கம்மா?" என்றார் தனுஷ்கோடி.

"அந்தச் சுவத்துக்கு அங்கிட்டு அப்ப கருவக்காடு. பாம்பும் கிடக்கும், குடிகாரனும் கிடப்பான். முள்ளு குத்தாம ஒருநாள் வந்ததில்ல. அதுகூடப் பெருசில்ல. இவனைத் தனியா விட்டுட்டுப் போனா, வாரதுக்குள்ள…"

நிறுத்தினார்.

"பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி இருந்தா. 'குடு, நான் வச்சிருக்கேன், ஓடிட்டு வா'ம்பா. அவ பிள்ளைக்குச் சொகமாயிருச்சு. வீட்டுக்குப் போகச் சொல்லியாச்சு. போகலயே அவ. இவன் கண்ணு முழிக்கிற வரைக்கும் பிள்ளையத் தூக்கிக்கிட்டு இங்கதான் கிடந்தா. 'நான் போயிட்டா நீ எப்படிப் போவ?'ன்னா. எனக்காகத் தங்குனா, ஐயா. அதுக்காகத் தங்குனா."

தலைமாட்டில் ஒரு கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

"கட்டிரலாம், டாக்டரம்மா" என்றார் வெண்ணிமலை. "முழுக்க நானே. நாளைக்கே கொத்தனார் வருவார்."

ஜெசிந்தா வெளியே எட்டிப் பார்த்துக் கையைக் காட்டினார். நீரூற்றுக்காரர்கள் நாடாவைச் சுருட்டினார்கள்.

"பேரும் போட்டுருங்க" என்றார் வெண்ணிமலை. "வாசல்லயே போடுங்க. பேச்சியம்மாள்னு. அம்மாவே சொல்லிட்டாங்க."

"நான் எப்படா அப்படிச் சொன்னேன்?" என்றார் பேச்சியம்மாள். "அவ பேரைப் போடுன்னுல்ல சொன்னேன்."

தனுஷ்கோடி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"அவங்க பேரு என்னம்மா?"

பேச்சியம்மாள் பக்கத்துக் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் திக்கித் திக்கிப் பேசுவா" என்றார். "இவனை வலது தோள்லதான் போடுவா. அவ சேலைக்கு மேல எப்பவும் நீலத்துல ஒரு துண்டு கிடக்கும். இவன் எச்சியெல்லாம் அதுலதான். எல்லாம் அப்படியே கண்ணுக்குள்ள நிக்கி."

பிறகு சொன்னார்:

"பேரை மட்டும் கேக்கவே இல்லையே, ஐயா."