கூழைக்கடாவின் பைக்குள்

ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் நீர்க்காகம், கூழைக்கடா, கொக்கு மூன்றும் மீன் பிடித்து வந்தன.

அவற்றுக்குள் ஒரு முறை இருந்தது: மீன் பிடிக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடு, அதாவது அதற்கென்று ஒரு நேரம். கடல்நீர் ஏறத் தொடங்கும்போது நீர்க்காகத்தின் பாடு. அது மூழ்கிப் பிடிக்கும். இறகு நனைந்து கனத்ததும் நீரில் நட்டிருந்த மூங்கில் கழியில் ஏறிச் சிறகைக் காயவைக்கும். அப்போது கூழைக்கடாவின் பாடு. நீர் வற்றும்போது கொக்கின் பாடு.

அந்த வருடம் மீன் குறைந்தது. கண்டல் மரத்துக் கூட்டில் நீர்க்காகத்தின் இரண்டு குஞ்சுகளும் கத்திக்கொண்டே இருந்தன. கழியில் இருந்த நீர்க்காகத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூழைக்கடாவின் தொங்கும் பையையே பார்த்தது.

"கொக்கண்ணே, அந்தப் பையில எவ்வளவு மீன் கிடக்கும்?"

"எனக்குக் கழுத்துதான் நீளம், கண்ணு இல்ல! நீ சிறகைக் காயவை!"

"காயவச்சு முடிக்கறதுக்குள்ள எல்லாத்தையும் அள்ளிடுமே!"

ஈரச் சிறகோடு நீர்க்காகம் நீரில் குதித்தது.

"தம்பி, இது என் பாடு!" என்றது கூழைக்கடா.

"பையை ரொப்பிக்கிட்டு நியாயம் பேசறியா!"

"அப்போ நான் மட்டும் ஏன் காத்திருக்கணும்?" என்று கொக்கும் இறங்கியது.

சேறு கலங்கியது. மீன்கள் கடலுக்குத் திரும்பின. மறுநாளும் அப்படியே. கரையேறினால் மற்றவை பிடித்துவிடுமே என்று எதுவும் கரையேறவில்லை.

மூன்றாம் நாள், ஊறிப்போன நீர்க்காகத்தால் மேலே வர முடியவில்லை. நீரோட்டம் அதைக் கடலுக்கு இழுத்தது.

"அண்ணே! முங்கறேன்!"

கூழைக்கடா பாய்ந்து வந்து அதைத் தன் பையில் அள்ளியது. உள்ளே விழுந்த நீர்க்காகம் சுற்றிலும் பார்த்தது. கொஞ்சம் சேற்றுத் தண்ணீர். ஒரு பாசித் துணுக்கு. ஒரு மீன்கூட இல்லை.

"அண்ணே, உள்ள ஒண்ணுமே இல்லையே!"

"மூணு நாளா எங்கிருந்து வரும்? உள்ள இருந்து பேசாதே, தொண்டை கூசுது!"

அதைக் கழியில் துப்பிவிட்டுக் கூழைக்கடா கரையேறியது. கொக்கும் ஏறியது. நீர் தெளியட்டும் என்று மூன்றும் காத்திருந்தன.

நீர்க்காகம் நடுங்கியபடி சிறகை விரித்தது. கண்டல் பக்கம் காது கொடுத்தது. ஒரு குஞ்சின் குரல்தான் கேட்டது.

அடுத்தவர் பை நிறைந்துவிடுமோ என்று பயந்து முறையை மீறும்போது, நாம் காலியாக்குவது நம் கூட்டைத்தான்.