அக்கரைக்குப் போன கூடுகள்

இழையினி என்ற தையல்சிட்டுக்கு அநியாயம் நடந்தது. இரண்டு வருஷமாக அவள் உட்கார்ந்து இலைக்கூடு தைத்த கிளையிலிருந்து ஒருநாள் காலையில் அவளை எழுப்பிவிட்டார்கள். அவளை மட்டுமா? அவளோடு முப்பத்தாறு சிட்டுகளை! நாற்பது பேர் தைத்த கிளையில் மூன்றே பேர் மிஞ்சினார்கள்.

அந்தக் கிளை ஆற்றோரத்து நாவல் மரத்தில் இருந்தது. காட்டில் யாருக்குக் கூடு வேண்டுமானாலும் அங்கேதான் வர வேண்டும். தேன்சிட்டுக்குச் சின்னக் கூடு, அணிலுக்கு அகலக் கூடு. இலையின் ஓரத்தில் அலகால் ஒவ்வொரு துளையாகக் குத்த வேண்டும். சிலந்தி நூலைக் கோத்து இழுக்க வேண்டும். ஒரு கூட்டுக்கு ஒரு முழுப் பகல் பிடிக்கும். கூடு வாங்குகிறவர்கள் பூச்சி பிடித்துக்கொண்டு வந்து தருவார்கள். மரத்தின் முதலாளியான கரிச்சான் குருவி தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியைச் சிட்டுகளுக்குக் கொடுக்கும்.

"எங்களை ஏன் எழுப்புறீங்க?" என்று இழையினி கேட்டாள்.

கரிச்சான் தன் பிளந்த வாலை ஆட்டியது. "நானா எழுப்புறேன்? அதோ பாரு ஆத்துல!"

ஆற்றில் ஆமைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் கூடுகள் அடுக்கியிருந்தன.

"அக்கரைக் கூடு! நம்ம அணிலுக்கெல்லாம் இப்போ அதுதான் வேணுமாம். ஒரே ஒரு பூச்சிக்கு ரெண்டு கூடு தர்றாங்க! உன் இடத்தை எடுத்துக்கிட்டது நானில்லை, இழையினி. அக்கரையில உட்கார்ந்து தைக்கிறாளே, அவ!"

அன்றைக்கே கரிச்சான் தையல் கிளையைச் சுற்றி வாழையிலையால் ஒரு திரை கட்டியது. "தைக்கிறவங்க கவனம் சிதறக் கூடாது" என்றது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோருடைய கண்ணும் ஆற்றின் மேல் இருந்தது.

இழையினியின் கண் அங்கேயே ஒட்டிக்கொண்டது. தினமும் நாணல் நுனியில் உட்கார்ந்து அக்கரையைப் பார்த்தாள். அங்கே தைக்கிறவள் யார் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? தானே அவளுக்கு ஒரு முகம் கொடுத்தாள். பளபளவென்று செம்பு நிறத் தலை. பூச்சி தின்று தின்று உருண்ட வயிறு. நடுக்கிளையில், இலை நிழலில் சொகுசான இடம். 'அது என் இடம்! என் வயிற்றுக்குள் போக வேண்டிய பூச்சி!' என்று நினைத்தாலே அவளுக்குத் தொண்டை எரிந்தது. ஒரு கூடு அழகாகத் தைத்திருந்தால் எரிச்சல். கோணலாகத் தைத்திருந்தால் இன்னும் எரிச்சல். 'இந்த லட்சணத்துக்கா என்னை எழுப்பினார்கள்!'

வேலை போனவர்களுக்கு ஒரே ஆதரவு காட்டின் நடுவே நின்ற அத்தி மரம். விழுந்த பழத்தைப் புறாக்கள் தின்னும். பழத்தில் மொய்க்கும் பூச்சியைச் சிட்டுகள் தின்னும். எப்படியோ உயிர் ஓடியது.

அந்த நேரத்தில்தான் அமைச்சர் உடும்பு சபையைக் கூட்டியது. பாறைமேல் ஏறி நின்று தொண்டையைச் செருமிக்கொண்டது.

"அருமைக் காட்டு மக்களே! அக்கரையார் நமக்குக் கூடு விற்று நம் வேலையைப் பறித்தார்கள். நாமும் அக்கரைக்குக் கூடு அனுப்புவோம்! நம் கூடு ஆற்றைக் கடந்தால், நம் வேலை ஆற்றைக் கடந்து திரும்பி வரும்!"

"ஆமைங்க சும்மா சுமக்குமா?" என்று ஒரு மணிப்புறா கேட்டது.

"அத்திப்பழம் கொடுத்தால் சுமக்கும். இன்றுமுதல் அத்தி மரத்தடி ஆமைகளுக்கு மட்டும்!"

"அப்போ நாங்க எதைத் தின்கிறது?" என்று புறா பதறியது.

இழையினிக்குப் பொறுக்கவில்லை. பாறைக்கு முன்னால் பறந்து வந்தாள். "உனக்கு உன் வயிறு மட்டும்தான் தெரியுமா, புறாவே? அங்கே ஒருத்தி நம்ம சோத்தைத் தின்னுட்டு ஏப்பம் விடுறா! நாலு நாள் பசி பொறுக்க மாட்டியா? நம்ம கூடு அங்கே போகட்டும். அவளைக் கிளையை விட்டு எழுப்பட்டும். அவளும் என்னை மாதிரி நாணல்ல உட்காரட்டும்!"

"அடி அம்மா! உன் வேலை திரும்பணுமா, இல்லை அவ வேலை போகணுமா?" என்றது புறா.

"ரெண்டும்தான்!" என்றாள் இழையினி. முதல் ஆளாகச் சிறகைத் தட்டினாள். சபையே சேர்ந்து தட்டியது.

உடும்பு பிடித்தால் விடுமா? மறுநாளே பத்து ஆமைகள் கூடு ஏற்றிக்கொண்டு கிளம்பின. அடுத்த வாரம் முப்பது. அதற்கடுத்த வாரம் அறுபது! அக்கரை அணில்களுக்கு இக்கரைக் கூடு என்றால் உயிராம். இக்கரை அணில்களோ அக்கரைக் கூட்டை விட்டபாடில்லை. நடு ஆற்றில் போகிற ஆமையும் வருகிற ஆமையும் முட்டிக்கொண்டன.

இழையினி திரைக்கு வெளியே போய் நின்றாள். "முதலாளி, அறுபது ஆமை போகுதே! நான் எப்போ வந்து உட்காரட்டும்?"

"அடுத்த மாசம் பாப்போம்" என்றது கரிச்சான், திரைக்கு மேலே தலையை மட்டும் நீட்டி.

அடுத்த மாதம் நூறு ஆமைகள் போயின. "இன்னும் கொஞ்சம் பொறு" என்றது.

அத்தி மரத்தடி வெறிச்சோடிப்போனது. புறாக்கள் இளைத்து இறகு உதிர்ந்தன. இழையினியின் தோழி செம்பி, தரையில் இரை தேடப் போய் வாலில் பாதியைக் காட்டுப்பூனையிடம் விட்டுவிட்டு வந்தாள்.

"நீதானடி முதல்ல சிறகு தட்டினே" என்றாள் செம்பி. அவ்வளவுதான் சொன்னாள்.

இழையினி அன்றைக்கு முழுவதும் எதையும் தின்னவில்லை. 'நூறு ஆமை போகிறது. இருந்தும் வேலை வரவில்லை. அப்படியென்றால் அவள் இன்னும் என் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்! எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள்!' இனி நாணலில் உட்கார்ந்து பார்ப்பதால் பயனில்லை என்று முடிவு செய்தாள். மறுநாள் காலையில் ஓர் ஆமையின் முதுகில், கூடுகளுக்கு நடுவே ஏறிக்கொண்டாள். அவளுடைய சின்னச் சிறகுக்கு ஆறு அகலம்.

"எங்கே பிரயாணம்?" என்று ஆமை கேட்டது.

"ஒருத்தியோட சண்டை போட."

"போடு, போடு. எனக்கென்ன, போக ஒரு பழம், வர ஒரு பழம்!"

அக்கரை வந்ததும் இழையினி நேராக நாணலுக்குத் தாவினாள். அங்கே ஏற்கெனவே ஒரு தையல்சிட்டு உட்கார்ந்திருந்தாள். வயிறு ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. அவள் இழையினியைப் பார்த்ததும் சீறினாள்.

"வந்துட்டியா? அந்தக் கரைக்காரிதானே நீ? என் இடத்தைப் பறிச்சது போதாதுன்னு வேடிக்கை பார்க்க வேற வந்தியா?"

"யாரு, நானா? என் இடத்தைப் பறிச்சது நீ!"

"நான் எழுந்து எட்டு மாசம் ஆச்சுடி! உங்க கூடு வரப்போகுதுன்னுதான் எங்களை எழுப்பினாங்க. தினம் இங்கே உட்கார்ந்து உன்னைத்தான் திட்டிக்கிட்டிருக்கேன். நீ தின்னு கொழுத்திருப்பியோன்னு நெனச்சேன். நீ என்ன, குச்சி மாதிரி இருக்கே?"

தான் திட்டத் திட்ட வளர்த்து வைத்திருந்த அந்த உருண்ட வயிற்றுக்காரி எங்கே? இத்தனை நாள் தொண்டையில் எரிந்த நெருப்பை இனி யார்மேல் கொட்டுவது?

"உன் பேரென்ன?" என்று கேட்டாள்.

"குறுவாலி."

"நீயும் இல்லை, நானும் இல்லை. அப்போ இவ்வளவு கூட்டையும் தைக்கிறது யாரு, குறுவாலி?"

குறுவாலி அவளை ஒரு மருத மரத்துக்கு அழைத்துப் போனாள். அங்கேயும் ஒரு தையல் கிளை. அங்கேயும் வாழையிலைத் திரை. ஆனால் போன வாரக் காற்றில் அது கிழிந்து தொங்கியது. உள்ளே இரண்டே இரண்டு சிட்டுகள். பன்னிரண்டு இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். முள்ளம்பன்றியின் நீண்ட முள் ஒன்றைத் தூக்கி, அடுக்கின்மேல் ஒரே குத்து! பன்னிரண்டு இலைக்கும் துளை. முள்ளின் அடியில் கட்டிய நூல் பன்னிரண்டையும் தாண்டி மறுபக்கம் வந்தது. இழையினி ஒரு நாள் முழுக்கத் தைக்கிற கூட்டை அவர்கள் தும்மி முடிப்பதற்குள் தைத்துத் தள்ளினார்கள்.

"இந்த முள் எப்போ வந்தது?" என்று இழையினி கேட்டாள்.

"எங்களை எழுப்பின அன்னைக்குத்தான். திரையும் அன்னைக்குத்தான் கட்டினாங்க."

இழையினி திரையை வெறித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எங்க திரை இன்னும் கிழியலை."

அடுத்த ஆமையிலேயே இக்கரை திரும்பினாள். கரையில் சபை கூடியிருந்தது. உடும்பு பாறைமேல் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றது. பக்கத்தில் கரிச்சான்.

"நூற்றிருபது ஆமைகள், மக்களே! வெற்றி! இன்னும் இருநூறு அனுப்பினால் வேலை தானாக வந்து சேரும். அதற்கு அத்தியோடு நாவலும் வேண்டும்! எங்கே இழையினி? முதன்முதலில் சிறகு தட்டிய வீராங்கனை! நீயே முதலில் சொல்!"

இழையினி நேராகப் பறந்துபோய்த் திரையின் ஓரத்தைக் கவ்வி இழுத்தாள். கரிச்சான் "ஏய், ஏய்!" என்று கத்துவதற்குள் வாழையிலை கிழிந்து விழுந்தது.

மூன்று சிட்டுகள். மூன்று முட்கள். மலைபோல் கூடுகள்.

அந்த மூவரின் உருண்ட வயிற்றைப் பார்த்ததும் இழையினிக்குப் பழைய எரிச்சல் மறுபடி தொண்டைக்கு வந்தது. 'நடுக்கிளை! என் நடுக்கிளை!' அதை விழுங்கிக்கொண்டாள். தன்னைப் போலவே இடத்தைப் பறிகொடுத்தவள்மேலே எரிந்து இத்தனை மாதம் வீணானது போதும்.

கரிச்சான்தான் முதலில் வாயைத் திறந்தது. "முள் இல்லாட்டி நம்ம கூட்டை அக்கரையில எவன் வாங்குவான்? அவங்க முள்ளுக்கு முன்னால உன் அலகு நிக்குமா?"

"நிக்காது" என்றாள் இழையினி. "முள் நல்ல முள்தான். நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொன்னீங்க! என் இடத்தை அக்கரைக்காரி எடுத்துக்கிட்டான்னு சொன்னீங்க. அங்கே அவளும் பட்டினி!"

மணிப்புறா முன்னால் வந்தது. "அப்போ எங்க பழம்?"

"உன்கிட்ட நான் பேசின பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கிறேன், புறாவே. நாம பழத்தைக் கொடுத்தது வேலைக்கு. போய்ச் சேர்ந்தது ஆமைக்கு. பூச்சியெல்லாம் கரிச்சானுக்கு. ஆமைக்கூலியை இனி அவரே கொடுக்கட்டும். அத்தி மரத்தடியை இன்னைக்கே திறந்துவிடுங்க!"

"திறந்துவிடுங்கள்!" என்று சபை முழங்கியது.

உடும்பு விடவில்லை. உடும்பாயிற்றே! கழுத்தை நீட்டி, கண்ணை உருட்டி, ஒவ்வொரு வார்த்தையாக அழுத்திக் கேட்டது. "பெண்ணே, இவ்வளவு பேசுகிறாயே! நூற்றிருபது ஆமைகள் போய் வராத வேலை இருநூறு போனால் வராது என்று உனக்கு எப்படித் தெரியும்?"

இழையினி பாறைக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்: "கூடு எவ்வளவு தூரம் போகிறது என்பதை வைத்து யாருக்கும் வேலை வராது, அமைச்சரே, அதைத் தைக்க எத்தனை பேர் தேவை என்பதை வைத்துத்தான் வரும்!"