முழுசாய்த் திரும்பி வந்த துத்தநாகம்

ஓர் ஆய்வுக்கூடத்தில் உருண்டைக் குடுவை ஒன்று இருந்தது. உள்ளே வருகிறவர்களுக்கெல்லாம் அதுதான் நாட்டாமை. அதற்கு ஒரு வழக்கம்: வேலை முடிந்ததும் யார் தேய்ந்து தீர்ந்து போனார்களோ, அவர்களுக்கே மரியாதை. போன மாதிரியே திரும்பி வந்தவன் வெட்டிப்பயல். இது ஒரு நியாயமா என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

ஒருநாள் எஸ்டர் என்னும் வேதிப்பொருள் அந்தக் குடுவைக்குள் இறங்கினாள். ஹைட்ரஜன் கிடைத்தால் அவள் ஆல்கஹால் ஆகிவிடுவாள்; அதற்காகத்தான் வந்தாள். ஆனால் அவளோடு ஒட்டிப் பிறந்த தங்கை ஒருத்தி உண்டு, பெயர் நைட்ரோ. பூஞ்சை உடம்பு. முரட்டுக் கை பட்டால் போச்சு.

"துத்தநாகம் அண்ணன் எங்கே?" என்று எஸ்டர் கேட்டாள். நேற்று அவளுடைய சொந்தக்காரிகளையெல்லாம் ஆல்கஹாலாக்கி அனுப்பியது அவன்தான். சிலேன் என்பவளிடமிருந்து ஹைட்ரஜனை வாங்கி, பக்கத்தில் இருப்பவர்கள் மேல் ஒரு கீறல் விழாமல், பதமாகக் கொடுத்திருந்தான்.

"அவனா? வடிதாளில் போட்டு வெளியே எறிஞ்சுட்டேன்," என்றது குடுவை. "சிலேன் பாவம், இருந்ததையெல்லாம் கொடுத்துட்டுத் தீர்ந்துபோனா. இவன் வந்தப்போ எப்படி இருந்தானோ அப்படியே நிக்கிறான். சும்மா வேடிக்கை பார்த்த பயல்!"

"ஐயோ, தானும் தேயாம, யாருக்கும் சேதமில்லாம முடிச்சுக் கொடுக்கிறதுதானே வினையூக்கியான அவர் வேலை!"

குடுவை காதில் போட்டுக்கொள்ளவில்லை. புதுச் சிலேன் ஒருத்தியை அழைத்தது. அவள் கை நிறைய ஹைட்ரஜனோடு வந்து நின்றாள். எஸ்டரும் கை நீட்டினாள். பொழுதுதான் போயிற்று.

"கொடுக்க எனக்கு மனசில்லையா?" என்றாள் சிலேன். "வாங்கிக் கொடுக்க அவர் இல்லாம என் கையைவிட்டு நகரவே மாட்டேங்குதே."

"நாட்டாமை ஐயா, அண்ணனைத் திரும்பக் கூப்பிடுங்க!" என்றாள் எஸ்டர்.

"அந்த வெட்டிப்பயலை என் வாயால கூப்பிடுவேனா? ஹைட்ரைடு வரட்டும், அவன்கிட்டேயும் ஹைட்ரஜன் இருக்கு. அவன்தான் உழைப்பாளி!"

ஹைட்ரைடு ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே தீயாய்ச் சீறும் முரடன். "வேண்டாம் ஐயா! என் தங்கச்சி தாங்கமாட்டா!" என்று எஸ்டர் கத்தினாள். யார் கேட்டார்கள்?

வந்தான். கொதித்தான், நுரைத்தான், கண்ணில் பட்டதையெல்லாம் அடித்தான். எஸ்டர் ஆல்கஹால் ஆனாள். நைட்ரோ உருத்தெரியாமல் சிதைந்து கிடந்தாள். முரடனும் தீர்ந்துபோய் வெள்ளைச் சேறாக அடியில் படிந்தான்.

"ஆகா, தன்னையே கொடுத்துட்டானே!" என்று குடுவை உருகியது. அடச்சே! உருகுவதற்கும் ஓர் இடம் பொருள் வேண்டாமா? "ஆல்கஹால், கும்பிட்டுக்கோம்மா. உனக்காக அழிஞ்சவன்."

ஆல்கஹால் கும்பிடவில்லை. சிதைந்து கிடந்த தங்கையைக் காட்டினாள்.

"அவன் அழிஞ்சது மட்டும் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுது. அவன் அழிச்சது தெரியலையா?"