முள்ளம்பன்றி செய்த கோல அச்சு

ஒரு காட்டில் முள்ளம்பன்றி ஒன்று கோல அச்சு செய்துவந்தது. தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கும். தேக்கிலையில் புள்ளி புள்ளியாகத் துளை போடும். அந்த இலையை வாசலில் விரித்து, மேலே வெள்ளை மண்ணைத் தூவி, இலையை எடுத்தால் போதும். அழகான கோலம்!

எலி வளைக்குச் சின்ன அச்சு, கரடிக் குகைக்குப் பெரிய அச்சு என்று எந்த வாசலுக்கும் பொருந்துகிற மாதிரி செய்தது. செய்ததையெல்லாம் ஆலமரத்தடியில் அடுக்கி வைத்தது.

"யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். பிடிச்ச மாதிரி மாத்திக்கலாம். விலை கிடையாது!" என்றது.

சும்மா கிடைத்தால் விடுவார்களா? காடே வந்து அள்ளிக்கொண்டு போனது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம், "அக்கா, உன்னை மாதிரி உண்டா!" என்று புகழ்ந்தார்கள். பாவம், அந்தப் பேச்சிலேயே அதற்கு வயிறு நிறைந்துவிட்டது.

ஆனால் இலை என்ன இரும்பா? மழையில் அழுகும், வெயிலில் நொறுங்கும். அடிக்கடி புதிதாகக் குத்த வேண்டும். இலை நரம்பில் பட்டால் முள் மழுங்கிவிடும். அடுத்ததைப் பிடுங்க வேண்டும். பிடுங்கியது வளர்வதற்குள் இன்னும் நாலு போய்விடும். முதுகில் அங்கங்கே தோல் தெரிய ஆரம்பித்தது. சிறுத்தை நடமாடுகிற காட்டில் முள்ளம்பன்றிக்கு முள்ளை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

அது மயிலிடம் போனது. மயில் அப்போது வெளியூர்ப் பறவைகளுக்கு விடுதி நடத்திக்கொண்டிருந்தது. வாசல் கோலத்தைப் பார்த்துத்தான் விருந்தாளிகள் குவிந்தார்கள்.

"அண்ணே, என் முதுகைப் பாருங்க. வேலமுள் கிடைச்சா அதை வெச்சே குத்திக்குவேன். எனக்கு மரம் ஏற வராது. உங்ககிட்ட வேலை செய்யற காக்காய்ங்களைக் கொஞ்சம் பறிச்சுத் தரச் சொல்லுங்களேன்!"

மயில் தோகையைச் சிலுப்பியது. "சும்மாதானே குடுத்தே? இப்ப வந்து வேலை வாங்கறியே, நல்லா இருக்கே நியாயம்!"

குரங்கிடம் போனது. குரங்கு கிளையில் படுத்தபடியே சொன்னது: "நான் ஒருத்தன் பறிக்கலேன்னா என்ன? காடு பூரா உன் அச்சைத்தானே வெச்சிருக்கு. யாராவது பறிப்பாங்க, போ!"

யாராவது என்று ஒரு பிராணி அந்தக் காட்டில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. முள்ளம்பன்றி வெறுங்கையோடு திரும்பியது.

மழைக்காலம் வந்தது. அச்செல்லாம் அழுகிப்போயின. அன்றைக்குப் பார்க்க வேண்டுமே கூத்தை! முள்ளம்பன்றியின் வளை முன்னால் காடே திரண்டுவிட்டது.

"நாளைக்கு என் மகளைப் பெண் பார்க்க வர்றாங்க! வாசல் மொட்டையா கிடக்கு. நீ பாட்டுக்கு உட்கார்ந்திருக்கியே!" என்று கரடி உறுமியது.

"விருந்தாளிங்க திரும்பிப் போறாங்க! இன்னைக்கே செஞ்சு குடு!" என்று மயில் அகவியது.

"பொறுப்பில்லாத ஜென்மம்!" என்றது குரங்கு.

"ஆளுக்கு ஒண்ணு குத்திப் பாருங்களேன். நான் சொல்லித் தரேன்," என்றது முள்ளம்பன்றி.

"எங்களுக்கு எங்கே நேரம்!" என்றார்கள் எல்லோரும்.

முள்ளம்பன்றி 'போங்கடா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. மிச்சமிருந்த முட்களையும் பிடுங்கி, பொழுது சாய்வதற்குள் எல்லா வாசலுக்கும் அச்சு குத்திக் கொடுத்தது. ஒருவரும் நன்றி சொல்லவில்லை. கரடி மட்டும், "புள்ளி கொஞ்சம் நெருக்கமா இருக்கே," என்று முகம் சுளித்தது.

அன்றிரவு இரை தேடக் கிளம்பிய முள்ளம்பன்றியின் வழியில் சிறுத்தை நின்றது. முள்ளம்பன்றி வழக்கம்போல முதுகைச் சிலிர்த்தது. சிலிர்க்க ஒரு முள்கூட இல்லை.

"காப்பாத்துங்க! யாராவது வாங்க!" என்று அலறியது. எல்லோருக்கும் அது கேட்டது. எல்லோரும் அவரவர் வீட்டுக்குள் பதுங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஆலமரத்தடியில் கூட்டம். "ஐயோ, போயிட்டாளே!" என்று மயில் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அந்த ஈரம் காய்வதற்குள், "சரி, அடுத்த மழைக்கு யார் அச்சு செய்யறது?" என்று கேட்டது. வெட்கம் கெட்ட கூட்டம்!

இறந்த முள்ளம்பன்றியின் தங்கை அங்கே நின்றிருந்தது. கரடி அதன் பக்கம் திரும்பிக் குழைந்தது. "தங்கச்சி, உனக்கும் முதுகு நிறைய முள் இருக்கே!"

தங்கை ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. "இருக்கு. அது எனக்கு வேணும்," என்று சொல்லிவிட்டு அந்தக் காட்டை விட்டே போய்விட்டது.

எல்லோருக்கும் பயன்படும் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டுக் கைகட்டி நிற்கும் ஊர், அந்த வேலையையும் இழக்கும், அந்த ஆளையும் இழக்கும்.